நாலாம் மெஷினின் முறை

மேலாளரின் மேசைமேல் அந்த அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பித்தளை வளையங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. தண்ணீர்ப் பம்புக்குள் பொருத்துவதற்காக எங்கள் தொழிற்சாலை கடைந்து அனுப்புபவை. வாங்கியவர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெட்டியின்மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

அவர் ஒரு வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மெஷின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

“பார்த்தா ஏதாவது தெரியுதா?”

“இல்ல சார்.”

“தெரியாது. தலைமுடியில பாதிகூட இருக்காது வித்தியாசம். ஆனா பம்ப்ல நுழைய மாட்டேங்குது.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஆறு மெஷின்லயும் தப்பு வந்திருக்கு. ஒரு மெஷின்னா மெஷின் மேல சந்தேகப்படலாம். ஆறுலயும்னா கைதான் சரியில்ல. நீ சனிக்கிழமைக்குள்ள சார்ட் போட்டுக் கொண்டா. அத வெச்சி அந்த ஆறு பேரையும் மாத்திடலாம்.”

அந்த ஆறு பேரும் பழவேற்காட்டு ஏரிப்பக்கத்துக்காரர்கள். என்னைப் போல.

மீனைப் பிடிக்காமல் எண்ணுகிற படிப்பு

கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். இது வேலை கிடைத்த பிறகு நடந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பொன்னேரிக்கு பஸ்ஸில் போய்ப் புள்ளியியல் படித்தேன். அது என்ன படிப்பு என்று குப்பத்து டீக்கடையில் கேட்டபோது, எனக்கு முன்னால் எங்கள் நைனா பதில் சொல்லிவிட்டார்.

“மீனே புடிக்காம மீன எண்ற படிப்பாம்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு தப்பான விளக்கமும் இல்லை.

மீஞ்சூரைத் தாண்டி இருந்த அந்தச் சின்னத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என்னை எடுத்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். ஆறு கடைசல் மெஷின்கள். மெஷினுக்கு ஓர் ஆள். மணிக்கு ஒருமுறை அவர்கள் ஐந்து வளையங்களை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து தாளில் எழுத வேண்டும். தாளின் தலையில் அவர்கள் பெயர், மெஷின் எண். நான் அந்த ஐந்தின் சராசரியைக் கண்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

வரைபடம் என்றால் பயப்பட வேண்டாம். நடுவில் ஒரு கோடு. மேலே ஒரு எல்லைக்கோடு, கீழே ஒன்று. ஒரே ஆள் ஒரே பேனாவால் பத்துத் தடவை கையெழுத்துப் போட்டால் பத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருக்குமா? இருக்காது. ஆனால் பார்த்தவுடன் அவருடைய கையெழுத்து என்று தெரியும். மெஷினும் அப்படித்தான். புள்ளிகள் எல்லைக்குள் முன்னே பின்னே இருந்தால் அது மெஷினின் இயல்பு, தொடக் கூடாது. எல்லை தாண்டினால் ஏதோ நடந்திருக்கிறது, தேட வேண்டும். என் வேலை மொத்தமும் அவ்வளவுதான்.

அதை நான் அவ்வளவு ஆசையாகச் செய்தேன். ஆறு வரைபடங்களையும் ஆறு நிறப் பென்சிலில் வரைந்து சுவரில் மாட்டினேன். தினமும் மாலை கிளம்பும் முன் எல்லாத் தாள்களிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் என் கையெழுத்து. ஏரிக்கரையில் பிறந்தவனின் கையெழுத்து ஒரு தொழிற்சாலைக் கோப்பில் ஏறுகிறது என்ற பெருமை, வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை, எனக்கு இருந்தது.

வாப்பா கை

நாலாம் மெஷின் மும்தாஜ் அக்காவுடையது. பழவேற்காட்டு ஊருக்குள் வீடு. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அந்த வீடு அவருடைய இந்த ஒரு வேலையில்தான் நின்றது.

ஐந்து வளையங்களைப் பெட்டியின் மேலாக அள்ளாமல் நடுவிலும் அடியிலும் இருந்து எடுங்கள் என்று நான் முதல் நாள் நீளமாக விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இத்த சொல்றதுக்கா தம்பி உன்ன மூணு வருஷம் காலேஜுல புடிச்சி வெச்சாங்க? எங்க வாப்பா எறா வாங்கப் போனா கூடையில முழங்கை வரைக்கும் கைய வுடுவாரு. மேல கீறத எவன் பார்ப்பான்? மேல எப்பவும் பெருசாத்தான் இருக்கும்.”

அன்றிலிருந்து மாதிரி எடுப்பதற்கு எங்கள் ஷெட்டில் ‘வாப்பா கை’ என்று பெயர். மணி அடித்ததும் யாராவது குரல் கொடுப்பார்கள், “இன்னா தம்பி, வாப்பா கை போட்டாச்சா?” மேலாளருக்கு மட்டும் அது விளங்கவே இல்லை.

அப்படிப்பட்ட ஆட்களின் கை சரியில்லை என்று நான் வரைபடம் போட்டு நிரூபிக்க வேண்டும்.

தற்செயலுக்கு நியாயம் தெரியாது

இரண்டு மாதத் தாள்களையும் அளவு பார்க்கும் அறையின் தரையில் பரப்பினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டேன், தாள் பறக்கக் கூடாது என்று. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

ஒரு விதியை இங்கே சொல்ல வேண்டும். ஒரு நாளில் புள்ளி எல்லை தாண்டினால் அந்தத் தாளுக்குரிய ஆளின் பெயரில் மேலாளர் ஒரு சிவப்புச் சீட்டு எழுதுவார். ஒரு மாதத்தில் மூன்று சீட்டு வாங்கினால் வேலை போய்விடும். விளக்கம் கேட்பதெல்லாம் கிடையாது.

முதலில் மெஷின் வாரியாகப் பார்த்தேன். மேலாளர் சொன்னது உண்மைதான். ஆறிலும் சீட்டு இருந்தது.

பிறகு ஆள் வாரியாகப் பார்த்தேன். போன மாதம் ஏழுமலை அண்ணனுக்கு இரண்டு. மும்தாஜ் அக்காவுக்கு இரண்டு. அடுத்தவருக்கு இரண்டு. ஆறு பேருக்கும் இரண்டிரண்டு. அதற்கு முந்தைய மாதம் ஐந்து பேருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று. மூன்று யாருக்குமே இல்லை.

மேலாளர் கண்ணுக்கு அது ஆறு பேரும் ஒரே மாதிரி மோசம் என்று பட்டிருக்கும். எனக்கு உறுத்தியது. நான் படித்த படிப்பு ஒன்றைத் தெளிவாகச் சொல்லும். தற்செயலுக்கு நியாயம் தெரியாது. அது ஒருவருக்கு நாலு கொடுக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே கொடுக்காது. தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இது தெரியும். இவ்வளவு சமமாகப் பங்கு பிரிந்திருக்கிறது என்றால் பிரித்தது ஒரு மனிதக் கை.

சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கினேன். முதலில் இரண்டு மும்தாஜ் அக்காவுக்கு, அடுத்தடுத்து. அதன் பிறகு ஏழுமலை அண்ணன், அவருக்குப் பிறகு இன்னொருவர், இன்னொருவர். ஆறு பேரும் முடிந்ததும் மறுபடி அதே வரிசை. ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை.

இந்த வரிசையை எனக்குத் தெரியும். எங்கள் குப்பத்தில் இதற்குப் பெயர் பாடு.

ஏரியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடங்கள் உண்டு, வலை நனைந்ததுதான் மிச்சம் என்கிற இடங்களும் உண்டு. யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. வெறும் இடமும் அப்படியே சுற்றும். ஒரே ஆள் தலையில் கெட்டது மொத்தமும் விழாது. எழுதி வைக்க மாட்டார்கள். ஆனால் யார் முறை எப்போது என்று எல்லோருக்கும் தெரியும், வெளி ஆளிடம் பேச மாட்டார்கள். இங்கே அப்படிச் சுற்றும் வெறும் இடம், முதல் இரண்டு சீட்டும் விழுந்த நாலாம் மெஷினாகத்தான் இருக்க வேண்டும்.

சைக்கிள் கொட்டகையில்

சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சைக்கிள் கொட்டகையில்தான் உட்கார்வார்கள். நான் என் டப்பாவோடு போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எல்லோர் டப்பாவிலும் காரப்பொடி மீன்குழம்பு வாசனை.

“ஏழுமலை அண்ணே, நாலாம் மெஷின்ல இன்னிக்கி யாரு பாடு?”

ஏழுமலை அண்ணன் எங்களுக்குப் பக்கத்துக் குப்பம். அவர் கையில் இருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகவில்லை.

“யாரு சொன்னது ஒனக்கு?”

“யாரும் சொல்லல. தாளு சொல்லுச்சி.”

“தாளு சொல்லுச்சாம்.” அவர் மற்றவர்களைப் பார்த்தார். “இன்னாமோ ஜோசியக்காரன் கணக்கா பேசறான் பாரு.”

மும்தாஜ் அக்கா டப்பாவை மூடினார். “மறைக்காத ஏழுமலை. புள்ள கண்டுபுடிச்சிட்டான்.” என் பக்கம் திரும்பினார். “அந்த மெஷினு காத்தால ஒழுங்கா ஓடும் தம்பி. மதியம் ஆனா கிறுக்குப் புடிக்கும். ரெண்டு வாட்டி சேகராண்ட சொன்னேன்.”

சேகர் அண்ணன்தான் மெஷின்களைப் பழுது பார்ப்பவர்.

“அவரு இன்னா சொன்னாரு?”

“புது மெஷினும்மா, ஒன் கைதான் இன்னும் பழகலன்னாரு. ஒரே வாரத்துல ரெண்டு சீட்டு. இன்னும் ஒண்ணு வுழுந்தா நான் வூட்டுக்குப் போவணும்.”

மிச்சத்தை ஏழுமலை அண்ணன் சொன்னார். நாலாம் மெஷினை ஆறு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் பெயரில் சீட்டு விழுந்ததும் முறை அடுத்தவருக்குப் போகும். முறைக்காரர் நாலில் நிற்பார், மும்தாஜ் அக்கா அவருடைய மெஷினுக்குப் போவார். தாளில் மட்டும் அவரவர் பெயரும் அவரவர் பழைய மெஷின் எண்ணும். அதனால்தான் நாலாம் மெஷினின் தப்பு ஆறு மெஷின்களின் தாளிலும் சிதறிக் கிடந்தது. நான் அத்தனை தாளிலும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பத்து அடி நடந்து போய் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. பேசுவதற்காகப் போனபோதெல்லாம் மெஷினைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் எழுந்து கை கழுவப் போனார், திரும்பி வர நேரமாயிற்று.

“ஒருத்திய காப்பாத்தப் போயி ஆறு பேரும் போறோம்” என்றார் ஏழுமலை அண்ணன்.

“அண்ணே, யார் யாரு எந்தெந்த நாளு நாலுல நின்னீங்கன்னு சொன்னா, அந்தத் தாளையெல்லாம் பிரிச்சி எடுத்து நாலாம் மெஷினுக்குத் தனியா வரைபடம் போடுவேன். தப்பு மெஷின்லன்னா அதுலயே தெரிஞ்சிடும்.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தப்பு நம்மளுதுதான்.”

“பொய்யா எழுதினதுக்கும் சேத்து வூட்டுக்கு அனுப்புவாங்க. பாட்ட வெளிய சொல்லிட்ட பேரும் வரும்.”

அது உண்மை. மும்தாஜ் அக்காதான் பேசினார்.

“என்னாலதான் ஆரம்பிச்சிது. சொல்லு ஏழுமலை.”

ஏழுமலை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மாதத்தையும் ஒரு நாள் விடாமல் சொன்னார். திங்கள் நான், செவ்வாயும் நான்தான், சீட்டு வுழல, புதன் வுழுந்திச்சி, வியாழன்லேர்ந்து கலா. நடுவில் ஒரு நாள் அவர் தப்பாகச் சொன்னபோது மூன்று பேர் ஒரே குரலில் திருத்தினார்கள். என் பேனாவால் அவர்கள் வேகத்துக்கு ஓட முடியவில்லை.

கையெழுத்து என்னுடையது

அந்தப் பட்டியலை வைத்துத் தாள்களை மறுபடி பிரித்தேன். ஐந்து மெஷின்களின் புள்ளிகள் எல்லைக்குள் அடங்கிக் கிடந்தன, காற்றில்லாத நாளில் ஏரித் தண்ணீர் கிடப்பது போல. சிதறியிருந்த சிவப்பு மொத்தமும் நாலாம் மெஷினுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் நடுக்கோட்டின் மேலேயே புள்ளி. பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். வெயில் கூடிய நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லைக்கு வெளியே. யார் நின்றாலும் அதே ஏற்றம். ஆறு விதமான கைகள், வரைந்த கோடு ஒன்றுதான்.

என் வாழ்க்கையில் அதுவரை பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

அப்போது ஒன்று தோன்றியது. பாடு நஷ்டத்தைச் சமமாகப் பங்கு போடும். அந்த இடம் ஏன் மீன் தரவில்லை என்று அது கேட்காது. ஏரியில் கேட்டும் பயனில்லை, தண்ணீரைக் கழற்றிப் பார்க்க முடியாது. மெஷினைக் கழற்றலாம்.

சனிக்கிழமை காலை மேலாளர் முன்னால் இரண்டு வரைபடங்களையும் விரித்தேன். முதலில் தாளில் இருந்தபடி. பிறகு உண்மையில் நடந்தபடி. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகும்போது அவர் முகம் இறுகுவதைப் பார்த்தேன்.

“அப்போ ரெண்டு மாசமா பொய்யா எழுதியிருக்காங்க.”

“ஆமா சார். எழுதினது அவங்க. சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது நான். மெஷின் நம்பரைக் கண்ணால பார்க்க வேண்டியது என் வேலை. அவங்கள அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்பணும்.”

தைரியமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அவர் முகத்தைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். நிரந்தரம் ஆவதற்கான ஆறு மாதத்தில் அது ஐந்தாவது மாதம்.

அவர் இரண்டாவது வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காலைப் புள்ளியிலிருந்து மாலைப் புள்ளி வரை விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். பிறகு சேகர் அண்ணனைக் கூப்பிட்டார்.

“நாலாவதைக் கழட்டு.”

“சார், அது புதுசு.”

“கழட்டுன்னேன்.”

ஷெட்டில் மற்ற ஐந்து மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடியைச் சேகர் அண்ணன் வெளியே எடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவினார். செல்போன் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் மாட்டியது.

தலைமுடி போல ஒரு விரிசல். காலையில் குளிர்ந்திருக்கும்போது பிடி இறுக்கமாகவே கவ்வியது. ஓடி ஓடிச் சூடேறியதும் விரிசல் வாய் திறந்து பிடி தளர்ந்தது. கம்பி இம்மி நகர, வளையம் இம்மி பெருத்தது.

சேகர் அண்ணன் மும்தாஜ் அக்காவிடம் போய்ப் பிடியைக் காட்டினார். “நீ சொன்னப்பவே பார்த்திருக்கணும்கா.”

“இப்போ கைதான் பழகிடுச்சே” என்றார் அக்கா. சேகர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை அண்ணன் மட்டும் சிரிப்பை அடக்க இருமினார்.

மேலாளர் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. எங்கள் ஏழு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதில் என் பெயர் முதலில் இருந்தது. வேலை யாருக்கும் போகவில்லை. மூன்று சீட்டு விதியை எடுத்தார். புள்ளி ஒழுங்கு தப்பினால் அந்த மெஷினில் நிற்பவரே நிறுத்தலாம் என்று எழுதி ஒட்டினார். ஒட்டும்போது மும்தாஜ் அக்கா கேட்டார்:

“நிறுத்தினா அதுக்கு ஒரு சீட்டு உண்டா சார்?”

“இல்ல.”

அக்கா தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

வீட்டில் நைனாவிடம் சொன்னேன், பாட்டை வெளியே சொன்னதையும் சேர்த்து. அவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார். “ஆறு பேரும் இருக்காங்களா?” “இருக்காங்க நைனா.” அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் டீக்கடையில் யாரோ மீன் எண்ணுகிறவன் என்று என்னைச் சீண்டியபோது, “அவன் எண்ணுனதுல ஆறு வூட்ல அடுப்பு எரியுது” என்று சொன்னாராம். என்னிடம் இன்றுவரை அதைச் சொன்னதில்லை.

ஏழு புள்ளிகள்

அதன் பிறகு புள்ளி வைப்பதை அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். சிலர் முதலில் பென்சிலைப் பிடிக்கவே கூச்சப்பட்டார்கள். மும்தாஜ் அக்கா புள்ளி வைத்துவிட்டு, முந்தைய புள்ளியோடு கோடு இழுத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்.

சில வாரம் கழித்து வளையங்களை வாங்குகிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். மேலாளர் அவர்களை ஷெட்டுக்குள் அழைத்து வரும்போது நாலாம் மெஷின் நின்றிருந்தது. மற்ற ஐந்தின் சத்தத்துக்கு நடுவே அந்த ஓர் இடம் மட்டும் அமைதி. மேலாளருக்கு முகம் மாறிவிட்டது.

“யாரு நிறுத்தினது?”

ஷெட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பழைய பழக்கம். நான் பதில் சொல்ல ஓரடி முன்னால் வந்தேன்.

“நான்தான் சார்” என்றார் மும்தாஜ் அக்கா. “நாலாம் மெஷின், மும்தாஜ். மூணரை மணிக்கி நிறுத்தினேன்.”

மேலாளர் வரைபடத்தைப் பார்த்தார். “எல்லாம் கோட்டுக்குள்ளதானேம்மா இருக்கு?”

“இப்போ உள்ளதான் கீது. இங்க பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு…” பென்சில் நுனியால் ஏழு புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார். “ஏழும் மேலயே ஏறிக்கினு போவுது. வெளிய போற வரைக்கும் பார்த்துக்கினு நிக்கணுமா?”

வந்தவர்களில் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளருகே குனிந்தார். “இதுல கெட்ட பீஸ் எத்தனை?” என்று கேட்டார்.

“ஒண்ணுகூட இல்ல சார். அடி வரைக்கும் கை வுட்டுப் பார்த்துட்டேன்.”

அவர் நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் மும்தாஜ் அக்காவைக் கை காட்டினேன். சேகர் அண்ணன் யாரும் கூப்பிடாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நாலாம் மெஷினை நோக்கி வந்துகொண்டிருந்தார்.